வெள்ளை அதிகாரிகளின் பென்ஷன்: 1948-ல் இந்தியா முன் இருந்த வழிகளில் எது மேல்?

1948 ஜூலையில் லண்டனில் ஒரு நிதி ஒப்பந்தம் முடிவானது. இந்தியத் தரப்புக்குத் தலைமை ஏற்றுப் போனவர் கோயம்புத்தூர்க்காரரான நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார். போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து பொருளும் சேவையும் வாங்கிக்கொண்டு, கையில் காசு தராமல் லண்டனில் கணக்கில் மட்டும் வரவு வைத்திருந்தது. அந்த ஸ்டெர்லிங் நிலுவையை எப்படி மீட்பது என்பதுதான் பேச்சு. அப்போது அது சுமார் 116 கோடி பவுண்டு. ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 1,547 கோடி ரூபாய்.

அந்தத் தொகையிலிருந்து 16.8 கோடி பவுண்டு, அதாவது 224 கோடி ரூபாய், ஒரே இனத்துக்காகக் கழிக்கப்பட்டது. இந்தியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் குடியிருந்த அதிகாரிகளின் பென்ஷன். 1948-49 பட்ஜெட்டில் மத்திய அரசு எதிர்பார்த்த மொத்த வருவாயே சுமார் 230 கோடிதான். ஒரு வருட வருமானத்துக்குச் சமமான பணத்தை, நம்மை ஆண்டுவிட்டுப் போனவர்களின் ஓய்வுக்கால வாழ்க்கைக்காக இந்தியா முன்கூட்டியே கட்டியது.

இதைப் படிக்கும்போது முதலில் கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் மற்ற வழிகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பணம் எப்படி நகர்ந்திருக்கும் என்று பார்த்தால் கேள்வி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. "எவ்வளவு கொடுத்தோம்" என்பதை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. எதிர்பாராதது நடந்தால் அது யார் தலையில் விழும் என்பதையும் பார்க்க வேண்டும். பென்ஷன் விஷயத்தில் எதிர்பாராதவை நான்கு. ஆள் அதிக நாள் வாழ்வது, நாணயத்தின் மதிப்பு மாறுவது, விலைவாசி ஏறுவது, அரசியல் மாறுவது. வழிகளை இந்த நான்கையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடன் எப்படிப்பட்டது

ஐசிஎஸ் (இந்திய சிவில் சர்வீஸ் என்ற ஆங்கிலேயர் காலத்து உயர் நிர்வாகப் பணி) அதிகாரி ஒருவர் 25 வருடம் பணியில் இருந்து, அதில் 21 வருடம் உண்மையில் வேலை பார்த்திருந்தால், ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஓய்வூதியம். கலெக்டராக ஓய்வு பெற்றாலும் அதைவிடப் பெரிய பதவியில் ஓய்வு பெற்றாலும் அதே 1,000 பவுண்டு. ராணுவ அதிகாரிகள், போலீஸ், மருத்துவம், பொதுப்பணி, வனத்துறை என்று ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி விதி. அதற்கு மேல் விதவைகள், பிள்ளைகள். இந்தப் பணமெல்லாம் பவுண்டில், லண்டனில் போய்ச் சேர வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் 'ஹோம் சார்ஜஸ்' என்ற பெயரில் வருடா வருடம் கப்பலேறிய செலவில் இது ஒரு பெரிய பங்கு. இந்தியாவின் செல்வம் வடிந்து போகிறது என்று தாதாபாய் நௌரோஜி சொன்னதில் இந்தப் பென்ஷன்களும் அடக்கம்.

1947-ன் இந்திய விடுதலைச் சட்டத்தின் 10-வது பிரிவு, இந்தியாவுக்கான அமைச்சர் நேரடியாக நியமித்த அதிகாரிகளின் சம்பளம், விடுப்பு, ஓய்வூதிய உரிமைகளைக் காப்பாற்றியது. எனவே 1948-ல் பேச்சு மேசையில் உட்கார்ந்தபோது "கொடுப்பதா வேண்டாமா" என்ற கேள்வி சட்டப்படி முடிந்துபோன கதை. எந்த வழியில் கொடுப்பது என்பது மட்டும் திறந்திருந்தது. மறுப்பதும் ஒரு வழிதான், அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஆக்சுவரி செய்யும் வேலை

ஆக்சுவரி என்பவர் ஆயுளையும் வட்டியையும் சேர்த்துக் கணக்கிடுபவர். அவர் முன்னால் ஒரு பட்டியல் வைக்கப்படுகிறது. இன்று பென்ஷன் வாங்குவோர் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, மனைவியின் வயது என்ன, இன்னும் பணியில் இருப்பவர்கள் எப்போது ஓய்வு பெறுவார்கள். இறப்பு அட்டவணையை வைத்து, அடுத்த வருடம் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள், பத்து வருடம் கழித்து எத்தனை பேர் என்று ஆண்டுக்கு ஆண்டு ஒரு செலவுத் தொடர் போடுகிறார். புதிதாக யாரும் சேரப் போவதில்லை என்பதால் அந்தத் தொடர் இறங்கிக்கொண்டே போகும். ஆனால் வால் நீளமானது. 1940-களின் தொடக்கத்தில் 23 வயதில் சேர்ந்த கடைசி அணி ஆட்களும், அவர்களைவிட இளைய மனைவிகளும் 2000-ஐத் தாண்டியும் இருக்கலாம். 1948 ஒப்பந்தம் 60 வருடத்துக்குப் போடப்பட்டது அதனால்தான். 2008 வரை.

இந்தத் தொடரை ஒரே தொகையாக மாற்ற வட்டி விகிதம் வேண்டும். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இறப்பு அட்டவணையைவிட இந்த ஒரு எண் விலையை அதிகமாக ஆட்டிவைக்கும். ஆண்டுக்கு 100 ரூபாயில் தொடங்கி, ஒவ்வொரு வருடமும் சம அளவில் குறைந்து, 60-வது வருடத்தோடு தீர்ந்துபோகும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டியே பார்க்காமல் கூட்டினால் 3,050 ரூபாய். 1 சதவீத வட்டி என்றால் அதன் இன்றைய விலை சுமார் 2,507. 2 சதவீதம் என்றால் 2,103. 3 சதவீதம் என்றால் 1,796. 5 சதவீதம் போட்டால் 1,369 மட்டும். ஆட்கள் அதே, ஆயுளும் அதே. வட்டியை 1-லிருந்து 3-க்கு மாற்றியதுமே விலையில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது.

அரசு ஊழியர் வீடுகளில் இந்தக் கணக்கை வேறு வடிவத்தில் பார்த்திருப்பார்கள். ஓய்வு பெறும்போது பென்ஷனில் ஒரு பகுதியைக் கம்யூடேஷன் செய்து மொத்தமாக வாங்குகிறோம் அல்லவா, அதற்கான பெருக்கு எண்ணும் இப்படித்தான் பிறக்கிறது. மத்திய அரசில் 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அது முன்பு 9.81 ஆக இருந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 8 சதவீத வட்டியில் புது அட்டவணை வந்ததும் 8.194 ஆனது. மாதம் 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் முன்பு 11,77,200 ரூபாய் கிடைத்திருக்கும். இப்போது 9,83,280. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய் வித்தியாசம், ஒரு அட்டவணை மாறியதால். 1948-ல் இதே கேள்விதான் ஒரு தேசத்தின் அளவில் எழுந்தது. வித்தியாசம் என்னவென்றால் அப்போது இந்தியா வாங்கும் பக்கம் நின்றது. தொடரை விலை கொடுத்து வாங்குபவருக்கு வட்டி குறைவாக இருந்தால் நஷ்டம்.

முதல் வழி: வருடா வருடம் கட்டிக்கொண்டே போவது

மிக எளிமையான வழி இது. முன்பணம் ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒரு ஒதுக்கீடு, அந்த வருடம் எவ்வளவு ஆகிறதோ அவ்வளவு. ஆட்கள் சீக்கிரம் இறந்தால் நமக்கு மிச்சம். வட்டி விகிதத்தைப் பற்றிப் பேரம் பேச வேண்டியதே இல்லை.

ஆனால் செலவு பவுண்டில். அந்தப் பவுண்டை அந்தந்த வருடம் தேடிக் கொடுக்க வேண்டும். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இந்த வழி எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று தெரிகிறது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியதும் எஞ்சியிருந்த ஸ்டெர்லிங் கையிருப்பு மளமளவென்று கரைந்தது. 1957-ல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது அந்நியச் செலாவணி நெருக்கடி. இயந்திரம் வாங்கவே பவுண்டு இல்லாத அந்த நேரத்தில் வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்குப் பவுண்டு ஒதுக்க வேண்டியிருந்திருக்கும்.

அதைவிடப் பெரிய அடி 1966 ஜூனில் விழுந்திருக்கும். ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, 13.33 ரூபாயாக இருந்த ஒரு பவுண்டு ஒரே நாளில் 21 ரூபாய் ஆனது. ரூபாயில் பார்த்தால் அதே பென்ஷனின் செலவு 57 சதவீதம் ஏறியிருக்கும். அந்தப் பட்ஜெட் ஒதுக்கீட்டைப் பார்த்து நாடாளுமன்றத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, இந்த வழியில் நான்கு அபாயங்களில் மூன்று இந்தியாவின் மேல் விழுகின்றன. நீண்ட ஆயுள், நாணயம், அரசியல். விலைவாசி மட்டும் பென்ஷன் வாங்குபவரின் பாடு, ஏனென்றால் 1,000 பவுண்டு என்பது நிலையான தொகை.

இரண்டாவது வழி: குறைந்துகொண்டே போகும் ஆண்டுத்தொகையை வாங்குவது

இந்தியா எடுத்தது இதைத்தான். நிலுவையிலிருந்து 16.8 கோடி பவுண்டை பிரிட்டன் எடுத்துக்கொள்ளும். மத்திய அரசின் பங்கு 14.75 கோடி, மாகாணங்களின் பங்கு 2.05 கோடி. பதிலுக்கு, தொடக்கத்தில் ஆண்டுக்கு சுமார் 63 லட்சம் பவுண்டு, பிறகு குறைந்து குறைந்து 60 வருடத்தில் இல்லாமல் போகும் வகையில் பிரிட்டன் இந்தியாவுக்குத் தரும். பென்ஷன் கொடுக்கும் பொறுப்பு சட்டப்படி இந்தியாவிடமே இருக்கும், அதற்கான பணம் மட்டும் இப்படி வந்துகொண்டிருக்கும்.

விலையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். தொடர் நேர்கோட்டில் குறைவதாகக் கொண்டால், இந்த எண்களுக்குப் பொருந்தும் வட்டி 1 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. அன்று பிரிட்டனின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள் 3 சதவீதத்தை ஒட்டி வருமானம் தந்துகொண்டிருந்தன. 60 வருட வாக்குறுதிக்கு நீண்டகால வட்டியே நியாயம் என்று பிடிவாதமாக நின்றிருந்தால், இதே தொடரைச் சுமார் 160 கோடி ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம். 60 கோடிக்கு மேல் மிச்சம். புதிதாக விடுதலை பெற்று, பிரிவினையில் வீடிழந்து வந்த லட்சக்கணக்கான மக்களுக்குச் சோறும் கூரையும் தேட வேண்டியிருந்த நாட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

இங்கே எதிர்வாதத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. அந்த நிலுவை நம் கையில் இருந்த பணமே இல்லை. பிரிட்டன் அதைப் பூட்டி வைத்திருந்தது. அதே 1948 ஒப்பந்தத்தில், மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் புதிதாக விடுவித்தது 8 கோடி பவுண்டு. டாலர் போன்ற கடினச் செலாவணியாக முதல் வருடம் மாற்றிக்கொள்ள அனுமதித்ததோ 1.5 கோடி பவுண்டு மட்டும். பூட்டிக் கிடந்த பணத்தில் பெரும்பங்கு குறுகியகாலப் பத்திரங்களில் கிடந்தது. அன்றைய பிரிட்டிஷ் கருவூல உண்டியல்களின் (டிரஷரி பில் எனப்படும் குறுகியகால அரசுப் பத்திரங்கள்) வட்டி அரை சதவீதம். அரை சதவீதம் ஈட்டிக்கொண்டிருந்த பணத்தைக் கொடுத்து 1 சதவீதம் தரும் தொடரை வாங்குவது, அந்தக் கோணத்தில் பார்த்தால், இந்தியாவுக்கு லாபம்தான்.

இரண்டு வாதங்களில் எது சரி? நிலுவையைப் பூட்டி வைத்தவர் யாரோ அவரே பென்ஷன் தொடரை விற்பவரும். வட்டியைத் தாழ்த்தி வைத்ததும் அவர்தான். அப்படியிருக்கும்போது "உன் பணம் அரை சதவீதம்தானே ஈட்டுகிறது" என்ற ஒப்பீடு, விற்பவர் தனக்கு வசதியாகப் போட்ட அளவுகோல். எனவே விலை நியாயமற்றது என்ற பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் வழி தவறு என்று சொல்ல மாட்டேன். இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். கெட்ட விலை கொடுத்து நல்ல பொருள் வாங்குவதும் உண்டு.

நல்ல பொருள் என்று ஏன் சொல்கிறேன்? கடன் பவுண்டில், அதற்கு எதிரான வரவும் பவுண்டில். 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு விழுந்தது. ரூபாயும் கூடவே இறங்கியது. லண்டனில் எஞ்சியிருந்த நம் நிலுவையைக் கொண்டு அமெரிக்காவில் வாங்கக்கூடியதில் முப்பது சதவீதம் ஒரே நாளில் ஆவியானது. பென்ஷனுக்காகக் கொடுத்துவிட்ட பகுதியில் அந்த இழப்பு இல்லை, ஏனென்றால் அது பவுண்டில் உள்ள கடனைத் தீர்க்கப் போன பணம். 1966-ன் அடியும் அதேபோல் இந்த ஏற்பாட்டைத் தொடாது. பட்ஜெட்டில் வருடா வருடம் அரசியல் சண்டை வரும் வழியும் அடைபட்டது.

ஒரு அபாயம் மட்டும் அப்படியே இந்தியாவிடம் தங்கியது. ஆயுள். வரவு நிலையான தொடர், செலவோ ஆட்கள் உயிரோடு இருக்கும் வரை. அட்டவணை சொன்னதைவிட ஓய்வூதியர்கள் அதிக நாள் வாழ்ந்தால் பற்றாக்குறை நம்முடையது. இது வெறும் கற்பனை பயம் இல்லை. செல்டனமிலும் பெட்ஃபோர்டிலும் ஓய்வெடுத்த அந்தத் தலைமுறைக்கு 1948-க்குப் பிறகு பென்சிலினும் பிரிட்டனின் இலவச தேசிய மருத்துவச் சேவையும் கிடைத்தன. அந்தச் சேவை தொடங்கியதும் அதே ஜூலை மாதத்தில்தான். பழைய இறப்பு அட்டவணைகளில் அது எதுவும் இல்லை.

மூன்றாவது வழி: பணத்தோடு பொறுப்பையும் கொடுத்துவிடுவது

மொத்தத் தொகையைக் கட்டிவிட்டு, "இனி இவர்கள் உங்கள் ஆட்கள், கூடினாலும் குறைந்தாலும் உங்கள் பாடு" என்று கைகழுவுவது. இதற்கு முன்மாதிரி இருந்தது. 1935-ன் இந்திய அரசுச் சட்டம், அதிகாரிகள் சந்தா கட்டிச் சேர்த்த குடும்ப ஓய்வூதிய நிதிகளை லண்டனில் ஆணையர்களிடம் ஒப்படைக்க வழி செய்திருந்தது. அதாவது விதவைகளுக்கான பணம், இந்தியா சுதந்திரம் கேட்டு நெருக்கிய காலத்திலேயே இந்தியக் கருவூலத்தைவிட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது. தங்கள் குடும்பங்களுக்காக முன்யோசனையோடு செய்தவர்கள், முழு ஓய்வூதியப் பொறுப்புக்கும் அதே மாதிரி ஒரு ஏற்பாட்டை 1948-ல் பேசியிருக்கலாம்.

இந்த வழியில் நான்கு அபாயங்களில் ஒன்றும் இந்தியாவிடம் இல்லை. அதற்கு விலை கூடும். ஆயுள் அபாயத்தை வாங்கிக்கொள்பவர் அதற்கும் சேர்த்துக் கேட்பார். எவ்வளவு கூடும் என்பது பேரம். ஆனால் 1 சதவீத வட்டியில் வாங்கும் அளவுக்கு விலை ஏறிவிட்ட பிறகு, அந்த விலைக்கே ஆயுள் அபாயத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 3 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் இடையில் இருந்த இடைவெளி, ஓய்வூதியர்கள் எதிர்பார்த்ததைவிடச் சில வருடங்கள் கூடுதலாக வாழ்வதைத் தாங்கும் அளவுக்குப் பெரியது.

கடைசியில் நடந்தது ஏறக்குறைய இதுதான், ஏழு வருடம் தாமதமாக. 1955 ஏப்ரல் 1 முதல் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பை பிரிட்டனே ஏற்றுக்கொண்டது. அதற்காக இந்தியா, பாகிஸ்தான், பர்மா மூன்றையும் சேர்த்து அந்த ஆண்டே அங்கே ஒரு சட்டம் வந்தது. ஓய்வூதியர்களுக்கும் அது நல்லதாகவே முடிந்தது. 1948-க்கும் 1975-க்கும் இடையில் பிரிட்டனில் விலைவாசி நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. 1,000 பவுண்டு மட்டும் அப்படியே நின்றிருந்தால் கடைசிக் காலத்தில் அந்த விதவைகள் திண்டாடியிருப்பார்கள். பென்ஷன் உயர்வு கொடுப்பதா என்று முடிவெடுக்கும் இடமும் பணம் கொடுக்கும் இடமும் ஒரே அரசாங்கமாக ஆன பிறகுதான் அதைச் சரிசெய்ய வழி பிறந்தது.

நான்காவது வழி: மறுப்பது

"நம்மை அடக்கி ஆள வந்தவர்களுக்கு நாம் ஏன் பென்ஷன் கொடுக்க வேண்டும்?" இது தெருமுனைக் கேள்வி மட்டும் இல்லை. 1922 கயா காங்கிரஸ், அந்நிய அரசு இனிமேல் வாங்கும் கடன்களுக்கு இந்தியா பொறுப்பல்ல என்று தீர்மானம் போட்டது. 1931-ல் இரு நாடுகளுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராய காங்கிரஸ் ஒரு குழுவையே அமைத்தது. பகதூர்ஜி, பூலாபாய் தேசாய், கே. டி. ஷா ஆகியோரோடு தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அதில் இருந்தார். இந்தியாவின் நலனுக்காகச் செய்யப்படாத செலவை இந்தியாவின் கணக்கில் எழுதக்கூடாது என்ற கொள்கையை நான் மதிக்கிறேன். ஆப்கன் போர்ச் செலவையும் இந்திய விவசாயி வரியில் எழுதிய ஆட்சி அது.

ஆனால் பென்ஷன் வேறு ரகம். அது ஒரு ஆள் வேலை பார்த்து முடித்ததற்கு ஒத்திவைத்த சம்பளம். ஆட்சி அநியாயமானது என்பதால் அதில் வேலை பார்த்த மருத்துவரின் விதவைக்குச் சோறு இல்லை என்பது நீதி ஆகாது. நடைமுறையிலும் அந்த வழியின் விலை என்ன என்பதை 20 வருடம் கழித்து ஒரு நாடு காட்டியது. 1968-ல் அதிபர் நைரேரேயின் தான்சானியா, சுதந்திரத்துக்கு முந்தைய பணிக்கான பென்ஷன்களை இனி நாங்கள் தர மாட்டோம் என்றது. காலனி ஆட்சிக்கு வேலை பார்த்தவர்களுக்கு பிரிட்டனே கொடுக்கட்டும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. பிரிட்டன் உடனே உதவித் தொகையை நிறுத்தியது. இருந்தும் அந்த வாதம் வீணாகப் போகவில்லை. 1970-களில் மற்றக் காலனிகளில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்ஷன் பொறுப்பை பிரிட்டன் படிப்படியாகத் தானே ஏற்றது. 1973-ல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது.

ஏழை ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கிடைத்த அந்தச் சலுகை 1948-ல் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. பணம் முழுவதையும் நாம் முன்கூட்டியே கட்டி முடித்திருந்தோம். முதல் வழியைத் தேர்ந்தெடுத்து வருடா வருடம் கட்டியிருந்தால், 1970-களில் "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். முதல் வழிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான். ஆனாலும் 1948-ல் உட்கார்ந்திருந்த யாருக்கும் 1973 தெரியாது. 1957-ம் 1966-ம் நடுவில் வந்து போகும்.

மறுகணக்கு

ஆக, எது மேல்? மூன்றாவது வழியை முதலில் கேட்டிருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், இரண்டாவதை ஒரு கூடுதல் நிபந்தனையோடு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆக்சுவரியை உட்காரவைத்து, உயிரோடு இருப்போர் எண்ணிக்கையை மறுபடி எண்ணி, தொடரைத் திருத்துவது. விதவை நிதிகளிலும் காப்பீட்டுக் கழகங்களிலும் ஐந்தாண்டு மதிப்பீடு அப்போதே பழக்கத்தில் இருந்த நடைமுறை. பத்து வருடத்தில் ஆட்கள் அட்டவணையைவிட வேகமாகக் குறைந்தால் பிரிட்டன் தரும் தொகையும் குறையட்டும், மிச்சம் நிலுவைக்குத் திரும்பட்டும். மெதுவாகக் குறைந்தால் பிரிட்டன் கூட்டிக் கொடுக்கட்டும். அப்படி இருந்தால் முதல் நாளில் எந்த அட்டவணை, எந்த வயது என்று பேரம் பேசுவதில் இவ்வளவு சுமை இருக்காது. முதல் நாள் தப்பு அறுபது வருடத்துக்கு உறைந்து நிற்கவும் செய்யாது.

மறுகணக்கிலும் ஆபத்து உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயுளை மறுபடி எண்ணலாம், அது உண்மை நிலவரம். வட்டியை மறுபடி பேச விட்டால் ஒவ்வொரு ஐந்து வருடமும் பலம் உள்ளவர் பக்கம் கணக்கு சாயும். எனவே ஆயுள் மட்டும் திருத்தத்துக்கு உட்பட்டது, வட்டி முதல் ஒப்பந்தத்தில் குறித்தது குறித்தபடியே என்று எழுதி வைக்க வேண்டும். தனி மனிதர்களின் கம்யூடேஷனிலும் இதே வேறுபாடு வேலை செய்கிறது. 8 சதவீத வட்டியில் போட்ட அட்டவணை 2008-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியில் வைப்பு வட்டி எவ்வளவோ இறங்கிய வருடங்களிலும் அது அசையவில்லை. கழித்த பென்ஷனை 15 வருடம் கழித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதும் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிலைபெற்றது. 12 வருடமாகக் குறையுங்கள் என்று ஊழியர் சங்கங்கள் இன்றும் கேட்பது அந்த வட்டியை வைத்துத்தான்.

ரூபாய் பென்ஷன்காரர்கள்

எடைபோடும்போது தராசில் வைக்காமல் விட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. அதே அரசாங்கத்தில், அதே அலுவலகங்களில் வேலை பார்த்த இந்திய குமாஸ்தாக்கள், ரெவின்யூ இன்ஸ்பெக்டர்கள், ஏட்டுகள், கம்பவுண்டர்கள். இவர்களும் காலனி அரசின் ஊழியர்கள்தான். இவர்களுடைய பென்ஷன் ரூபாயில். அதற்காக யாரும் 60 வருடத் தொடர் வாங்கி வைக்கவில்லை. மெட்ராஸ் மாகாணத்தின் பவுண்டுப் பென்ஷன்காரர்களுக்கான பணம் மாகாணங்களின் பங்கான அந்த 2.05 கோடி பவுண்டுக்குள் வந்துவிட்டது. அதே மாகாணத்தில் தாலுகா கச்சேரியில் முப்பது வருடம் எழுதித் தேய்ந்தவரின் பென்ஷன் அந்தந்த வருட பட்ஜெட்டை நம்பியிருந்தது.

இறந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். ஐசிஎஸ் அதிகாரியின் விதவைக்கு லண்டனில் ஆணையர்கள் பார்த்துக்கொள்ளும் நிதி இருந்தது. சாதாரண அரசு ஊழியரின் விதவைக்கு ஓரளவு முறையான குடும்ப ஓய்வூதியத் திட்டம் மத்திய அரசில் வந்தது 1964-ல். ஓய்வூதியம் அரசு விரும்பிக் கொடுக்கும் கொடை இல்லை, ஊழியரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தியோகிநந்தன் பிரசாத் வழக்கில் சொன்னது 1971-ல். 1947-ன் சட்டத்தில் பவுண்டு பென்ஷன்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பாதுகாப்பை, ரூபாய் பென்ஷன்காரர்கள் நீதிமன்றம் ஏறி வாங்க 24 வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த வருடமே, 1972-ல், 28-வது அரசியலமைப்புத் திருத்தம் ஐசிஎஸ் அதிகாரிகளின் தனிச் சலுகைகளைக் காத்துவந்த 314-வது பிரிவை நீக்கியது. கூடவே வந்த சட்டம், பவுண்டில் பென்ஷன் கேட்கும் உரிமையையும் எடுத்துவிட்டது. 1,000 பவுண்டு என்பது ஆண்டுக்கு 13,333 ரூபாய் என்று பழைய மாற்று விகிதத்திலேயே நின்றது. 1948-ல் 60 வருடத்துக்கு என்று போட்ட அந்தத் தொடரின் கணக்குப்படி அப்போது இன்னும் 36 வருடம் பாக்கி இருந்தது.